ஒன்பது போட்டதற்குக் காரணம் சொல்லுங்கள்: குத்துச்சண்டை ஆணையங்களுக்கு ஒரு திறந்த மடல்

குத்துச்சண்டைப் போட்டிகளுக்கு அனுமதி தரும் ஆணையங்களுக்கும், பட்டங்களைக் கையில் வைத்திருக்கும் உலக அமைப்புகளுக்கும், அமெச்சூர் போட்டிகளுக்குப் புள்ளி நடுவர்களை நியமிக்கும் குழுக்களுக்கும்,

"நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது." நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்துக்கு வந்த முழுப் பதிலும் இதுதான். நான் பயிற்சி கொடுக்கும் ஒரு பையன் ஆறு சுற்றுப் போட்டியில் ஸ்ப்ளிட் டிசிஷனில் தோற்றான். ஒரு நடுவர் 59-55 என்று அவனுக்குக் கொடுத்திருந்தார். மற்ற இருவர் 58-56 என்று எதிராளிக்கு. ஆறு சுற்றுகளில் ஐந்தை அவன் ஜெயித்ததாக ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது, இரண்டைத்தான் ஜெயித்ததாக மற்ற இருவர் கண்ணில். மூவரும் பார்த்தது ஒரே சண்டையை. தீர்ப்பை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. எந்தச் சுற்றை எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று மட்டும்தான் கேட்டேன்.

எனக்காக மட்டும் கேட்கவில்லை. உடை மாற்றும் அறையில் கைக்கட்டைப் பிரித்துக்கொண்டே அந்தப் பையன், "நான் எதை மாத்திக்கணும்ணே?" என்று கேட்டான். தோற்றவன் கேட்க வேண்டிய சரியான கேள்வி அது. இன்னும் அதிகமாக முன்னேறி அடித்திருக்க வேண்டுமா? அடி குறைந்தாலும் சுத்தமாக விழ வேண்டுமா? உடம்பில் அடித்த அடிகளை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லையா? ஜிம்முக்குத் திரும்பினதும் எதில் வேலை செய்வது என்பது இந்தப் பதிலைப் பொறுத்தது. என்னிடம் பதில் இல்லை. அது உங்கள் நடுவர்களிடம் இருக்கிறது, அவர்கள் அதைச் சொல்வதற்கு எந்த ஏற்பாடும் நீங்கள் செய்து வைக்கவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நடுவர்கள் எல்லாரும் விலைபோனவர்கள் என்று கத்தும் கூட்டத்தில் நான் இல்லை. ரிங்கின் ஓரத்தில் உட்கார்ந்து புள்ளி போடுவது எவ்வளவு கடினம் என்று வீரனின் மூலையில் பயிற்சியாளனாக நின்று பார்த்தவனுக்குத் தெரியும். மூன்று நடுவர்களும் மூன்று பக்கங்களில் இருக்கிறார்கள். ஒருவன் எதிராளியைக் கயிற்றோடு சேர்த்து வைத்து அடிக்கும்போது, அந்தப் பக்கத்து நடுவருக்குத் தெரிவது ஒரு முதுகு. எதிர்ப்பக்கத்து நடுவருக்குத் தெரிவது இன்னொரு முதுகு. மூன்றாமவருக்குத்தான் விலாவில் விழுந்த ஹூக் தெரியும், மேடை நடுவர் குறுக்கே வராமல் இருந்தால். இதோடு கூட்டத்தின் சத்தம் வேறு. உள்ளூர்க்காரனின் அடி கையுறையில் பட்டுச் சிதறினாலும் அரங்கம் அதிரும்; வெளியிலிருந்து வந்தவன் தாடையில் சுத்தமாக ஒரு ஜாப் வைத்தாலும் அமைதிதான். இந்த நிலைமையில் மூன்று பேர் மூன்று விதமாகப் பார்ப்பது குற்றமல்ல. அதற்காகத்தான் மூன்று பேரை உட்கார வைக்கிறோம்.

என் குறை வேறு. அவர்கள் பார்த்தது என்ன என்று தெரிந்துகொள்ள யாருக்கும் வழியில்லை.

தொழில்முறைப் போட்டிகளில் பத்துப் புள்ளி முறை எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். சுற்றை ஜெயித்தவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது. அடிபட்டுத் தரையில் விழுந்தால் (நாக் டவுன்) எட்டு. சமன் என்று 10-10 போடுவதை நடுவர்கள் கூடியவரை தவிர்க்கிறார்கள். சுத்தமான அடி, பலன் தரும் ஆக்கிரமிப்பு, ரிங்கைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது, தற்காப்பு என்று நான்கு அளவுகோல்கள். இந்த நான்கில் எதற்கு எவ்வளவு எடை? அதை நடுவர் மனசுக்கே விட்டுவிட்டோம். மூன்று நிமிடமும் எதிராளியை ஓட ஓட அடித்தாலும் 10-9, கடைசி பத்து வினாடியில் மயிரிழையில் முந்தினாலும் 10-9. ஒரு போட்டியில் ஐந்து சுற்றுகள் யாருக்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற அளவுக்கு நெருக்கமாக இருந்தால், ஒரே சண்டைக்கு மிக விலகிய இரண்டு புள்ளி அட்டைகள் வருவது கணக்கின்படியே நடக்கக்கூடியது. ஆனால் வெளியே வருகிற காகிதத்தில் எந்தச் சுற்று நெருக்கமானது, எது தெளிவானது என்பது இல்லை. பார்க்கிறவனுக்கு 118-110 என்ற எண் மட்டும்தான் கிடைக்கிறது. அவன் உடனே "திருட்டு" என்கிறான். வேறு என்ன சொல்வான்?

1987 ஏப்ரல் 6, லாஸ் வேகாஸ், ஹாக்லர் எதிர் லெனார்ட். ஒருவர் 115-113 ஹாக்லருக்கு, ஒருவர் 115-113 லெனார்டுக்கு, மூன்றாமவர் 118-110 லெனார்டுக்கு. ஹாக்லர் விடாமல் நெருக்கிக்கொண்டே இருந்தார். லெனார்ட் விலகி விலகிப் போய், சுற்று முடியப்போகும் நேரத்தில் சரமாரியாக அடித்தார். அந்தக் கடைசி நேர அடிமழை கண்ணைக் கவர்ந்ததா, உண்மையிலேயே சுற்றை வென்றதா என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. அது நெருக்கமான சண்டைதான். லெனார்டுக்குக் கொடுத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பன்னிரண்டில் பத்துச் சுற்றுகள் லெனார்டுடையவை என்று ஒருவர் ஏன் நினைத்தார் என்பது அட்டையில் எங்கும் இல்லை. ஹாக்லர் அதன்பிறகு ரிங்கில் ஏறவே இல்லை.

முப்பது வருடம் கழித்து, 2017 செப்டம்பரில், அதே நகரத்தில் கனேலோ எதிர் கோலோவ்கின். டேவ் மொரெட்டி 115-113 என்று கோலோவ்கினுக்குக் கொடுத்தார், டான் ட்ரெல்லா 114-114, அடலெய்ட் பேர்ட் 118-110 என்று கனேலோவுக்கு. இந்த மொரெட்டி 1987 போட்டியிலும் நடுவர். இரண்டு சண்டையிலும் அவர் அட்டை நெருக்கமானது, இரண்டிலும் பக்கத்து அட்டை ஒன்றில் 118-110. இத்தனை காலத்தில் தொலைக்காட்சி மாறியது, பணம் பல மடங்கானது, அடிகளை எண்ணும் கணினி பரவலானது. நடுவர் தன் எண்ணுக்குக் காரணம் எழுத வேண்டும் என்ற விதி மட்டும் வரவில்லை. ஒரே போட்டியில் கோலோவ்கின் ஏழு சுற்று ஜெயித்தார் என்று ஒருவரும், இரண்டுதான் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். ஐந்து சுற்று வித்தியாசம்! இது கருத்து வேறுபாடு மட்டும்தானா, அல்லது இருவரும் வெவ்வேறு அளவுகோலை வைத்துப் பார்த்தார்களா? ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி இருந்திருந்தால் மறுநாள் காலையிலேயே தெரிந்திருக்கும்.

காரணம் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு உங்கள் வரலாற்றிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1999 மார்ச் 13, மேடிசன் ஸ்குவேர் கார்டன், லூயிஸ் எதிர் ஹோலிஃபீல்ட். கணினி எண்ணிக்கையில் லூயிஸின் அடிகள் 348, ஹோலிஃபீல்டின் அடிகள் 130. தீர்ப்பு டிரா. யூஜீனியா வில்லியம்ஸ் 115-113 என்று ஹோலிஃபீல்டுக்குக் கொடுத்திருந்தார். லூயிஸ் துவைத்து எடுத்த ஐந்தாவது சுற்றையும் ஹோலிஃபீல்டுக்கே போட்டிருந்தார். எழுந்த கூச்சலில் விசாரணை வைத்தார்கள், அவரைப் பேச வைத்தார்கள். அப்போதுதான் தெரிந்தது: புகைப்படக்காரர்கள் தன் பார்வையை மறைத்தார்கள் என்றார், பதிவைப் பார்த்தபிறகு அந்தச் சுற்றை லூயிஸுக்குத்தான் கொடுத்திருப்பேன் என்றும் சொன்னார். பாருங்கள், ஒரு நடுவரைப் பேச வைத்ததும் எவ்வளவு பயனுள்ள தகவல் வெளியே வந்துவிட்டது! நடுவருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது, அவருக்கு எதிரில் ஒரு திரை இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் அது ஒருமுறை நடந்த விசாரணையாகவே நின்றுவிட்டது. எங்கும் பொதுவான நடைமுறையாக ஆகவில்லை.

அதற்குப் பதிலாக நீங்கள் பழகிக்கொண்டது தண்டனையை. 2011-இல் பால் வில்லியம்ஸ் எதிர் லாரா போட்டிக்குப் பிறகு நியூஜெர்சி ஆணையம் மூன்று நடுவர்களையுமே காலவரையின்றி நிறுத்தி வைத்தது. தீர்ப்பு அப்படியே இருந்தது, லாராவின் கணக்கில் தோல்வியும் அப்படியே. 2012-இல் பேக்கியாவ் எதிர் பிராட்லி: பிராட்லி வென்றதாகத் தீர்ப்பு. பட்டத்தை வழங்கிய அமைப்பு ஐந்து நடுவர்களைக் கொண்டு பதிவை மறுபடி பார்க்கச் சொன்னது, ஐவரும் பேக்கியாவுக்கே கொடுத்தார்கள், ஆனாலும் முடிவு மாறவில்லை. 2022 பிப்ரவரியில் கிளாஸ்கோவில் டெய்லர் எதிர் கேட்டரால்: எட்டாவது சுற்றில் டெய்லரைத் தரையில் விழ வைத்தும் கேட்டரால் தோற்றதாகத் தீர்ப்பு. பிரிட்டிஷ் வாரியம் விசாரித்து ஒரு நடுவரை ஒரு படி கீழே இறக்கியது. கேட்டரால் 2024 மே மாதம் மறுபடி மோதி டெய்லரை வென்றார். அதற்குள் முதல் போட்டியில் பணயமாக இருந்த நான்கு பெல்ட்டுகளும் டெய்லரிடம் இல்லை. ஒரே இரவில் நான்கு பட்டங்களையும் சேர்த்து வெல்லும் வாய்ப்பு ஒருவன் வாழ்க்கையில் எத்தனை முறை வரும்?

நடுவரைத் தண்டிப்பதும் மௌனத்தின் இன்னொரு வடிவம்தான் என்பேன். அவர் செய்த தவறு என்ன என்று எங்களுக்கும் தெரியாது, அடுத்த நடுவருக்கும் தெரியாது. கூட்டத்தின் கோபத்துக்கு ஓர் ஆளைக் காட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகிறார்கள். சில நடுவர்கள் தாங்களாகவே பத்திரிகைகளிடம் விளக்கம் சொன்னதுண்டு, அவர்களை மதிக்கிறேன். ஆனால் அது அவர்களுடைய விருப்பம். கடமை ஆக்க வேண்டியவர்கள் நீங்கள்.

அமெச்சூர் பக்கம் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே மறுபோட்டி (ரீமேட்ச்) என்ற பேச்சே இல்லை. 1988 சோல் ஒலிம்பிக் இறுதியில் ராய் ஜோன்ஸ் 86 அடி அடித்தார், பார்க் சி-ஹுன் 32. தங்கம் 3-2 என்று, ஐந்து நடுவர்களில் மூவர் கணக்கில், பார்க்குக்குப் போனது. அந்த ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரர் என்ற கோப்பையை அதே ஜோன்ஸுக்குக் கொடுத்தார்கள். அந்தத் தங்கம் பார்க்குக்கும் நிம்மதி தரவில்லை. 2023-இல் அவர் அமெரிக்கா போய், ஜோன்ஸின் ஊரிலேயே அந்தப் பதக்கத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். முப்பத்தைந்து வருடம் ஒரு மனிதன் தான் கேட்காத தீர்ப்பைச் சுமந்திருக்கிறான். பிராட்லியும் அந்த வெற்றிக்குப் பிறகு எவ்வளவு வசவு வாங்கினார், எவ்வளவு மனம் உடைந்து போனார் என்று வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். விளக்கமில்லாத தீர்ப்பு தோற்றவனை மட்டும் அடிப்பதில்லை.

சோலுக்குப் பிறகு இயந்திரத்தை நம்பினீர்கள். 1992 பார்சலோனாவிலிருந்து, ஐந்து நடுவர்களில் மூவர் ஒரு வினாடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் ஒரு புள்ளி. விளைவு என்ன? வேகமான காம்பினேஷனில் நான்கு அடி விழுந்தாலும் ஒரு புள்ளிதான் ஏறும், சில நேரம் அதுவும் ஏறாது. உடம்பில் அடிப்பது வீண் என்று பையன்கள் விட்டுவிட்டார்கள். தலையை நோக்கித் தொட்டுவிட்டு ஓடுவது ஒரு பாணியாகவே ஆனது. 2013-இல் நீங்களே அதைக் கைவிட்டீர்கள். பிறகு 2016 ரியோ. அங்கே பணியாற்றிய 36 நடுவர்களும் பின்னர் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். 2021-இல் மெக்லாரன் விசாரணை அறிக்கை அந்தப் போட்டிகளில் முடிவுகள் திட்டமிட்டுத் திரிக்கப்பட்டதாகச் சொன்னது. ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் காரணம் எழுதியே ஆக வேண்டும் என்றிருந்தால், முன்கூட்டியே முடிவு செய்து வைத்த நடுவர் பொய்யை எழுத்தில், நேரம் குறித்து, பதிவோடு ஒப்பிடக்கூடிய விதத்தில் எழுத வேண்டியிருந்திருக்கும். வெறும் எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது சுலபம், எழுதிய காரணத்துக்குப் பின்னால் அவ்வளவு சுலபமில்லை.

2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் சரிதா தேவி கொரியப் போட்டியாளரிடம் அரையிறுதியில் தோற்றதாகத் தீர்ப்பு வந்தது. மேடையில் அழுதுகொண்டே வெண்கலத்தை மறுத்தார். அவருக்கு ஓராண்டுத் தடை. ஒழுங்கு முக்கியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் காரணம் கேட்க ஒரு வாசல் திறந்திருந்தால் அவர் பதக்க மேடையை அதற்குப் பயன்படுத்தியிருப்பாரா? டோக்கியோ ஒலிம்பிக்கில் மேரி கோம் மூன்று சுற்றுகளில் இரண்டை 3-2 என்று வென்றார், முதல் சுற்றை 4-1 என்று இழந்ததால் மொத்தத்தில் தோற்றார். தான் தோற்றதே ரிங்கை விட்டு இறங்கிய பிறகுதான் புரிந்தது என்று சொன்னார். ஆறு முறை உலக சாம்பியன். அவருக்கே புரியவில்லை என்றால் முதல் போட்டிக்கு வந்த பதினேழு வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும்?

நடுச்சண்டையிலேயே புள்ளிகளை அறிவியுங்கள் என்று சிலர் கேட்கிறார்கள். நான்காவது, எட்டாவது சுற்று முடிந்ததும் அறிவிக்கும் முறையை ஒரு பெரிய அமைப்பு சில இடங்களில் நடத்தியும் வருகிறது. நான் அதைக் கேட்கவில்லை. முன்னிலையில் இருப்பவன் கடைசிச் சுற்றுகளில் ஓடிக்கொண்டே இருப்பான், சண்டை செத்துவிடும். அதோடு, எண்ணைச் சீக்கிரம் சொல்வதால் காரணம் தெரிந்துவிடாது. 2024 டிசம்பரில் ஊசிக், ஃப்யூரி மறுபடி மோதியபோது, பரிசோதனையாகச் செயற்கை நுண்ணறிவும் ஓர் அட்டை போட்டது: 118-112, ஊசிக்குக்கு. மூன்று நடுவர்களும் 116-112. வெற்றியாளர் ஒருவரே, சரி. அந்த இயந்திரம் எதை வைத்து ஊசிக்குக்குக் கூடுதல் புள்ளிகள் கொடுத்தது? எனக்குத் தெரிய வேண்டியது அதுதான், அட்டையில் அதுவும் இல்லை. காரணம் சொல்லாத மனிதருக்குப் பதில் காரணம் சொல்லாத இயந்திரத்தை உட்கார வைத்து எங்களைச் சமாதானப்படுத்தப் பார்க்காதீர்கள்.

கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவர் ஒவ்வொரு காட்சியையும் பார்க்கும்போது தான் என்ன பார்க்கிறேன் என்பதை வாய்விட்டுச் சொல்கிறார். "மட்டையில் பட்டதற்கு அடையாளம் இல்லை, அடுத்ததைப் போடுங்கள்" என்று அவர் சொல்வது வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கிறது. அவர் தீர்ப்பை நாம் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். ஆனால் எந்த இடத்தில் ஒப்புக்கொள்ளவில்லை என்று தெரிந்துகொண்டு விவாதிக்கிறோம். குத்துச்சண்டையில் அந்த அடிப்படை வசதிகூட இல்லாமல்தான் இத்தனை காலம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

உங்களிடமிருந்து எனக்கு வேண்டியவை இவை.

ஒவ்வொரு சுற்று முடிவிலும் நடுவர் எண்ணோடு சேர்த்து இரண்டு குறிகள் போடட்டும்: அந்தச் சுற்று தெளிவானதா, நெருக்கமானதா; நான்கு அளவுகோல்களில் எது அதைத் தீர்மானித்தது. புள்ளிக் கணக்கில் இது எதையும் மாற்றாது. ஒரு நிமிட இடைவேளையில் ஐந்து வினாடி போதும். அப்படிக் குறியிட்ட அட்டைகளை அன்றிரவே வெளியிடுங்கள், இரண்டு மூலைகளுக்கும் ஆளுக்கொரு நகல் கையில் கொடுங்கள்.

ஒரே போட்டியில் இரண்டு நடுவர்களின் அட்டைகள் மூன்று சுற்றோ அதற்கு மேலோ விலகினால், மூன்று நடுவர்களும் ஒரு வாரத்துக்குள் சுற்றுவாரியாக எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று விதி செய்யுங்கள். விலகி நிற்பவரை மட்டும் கேட்கக் கூடாது. சில நேரம் சரியாகப் பார்த்தவரே தனியாக நிற்கிறார். அந்த விளக்கத்துக்காக யாரையும் தண்டிக்கவும் வேண்டாம். பொய்யான விளக்கத்துக்கும், விளக்கம் தர மறுப்பதற்கும் மட்டும் தண்டனை இருக்கட்டும்.

நடுவர் ஒவ்வொருவருக்கும் எதிர்ப்பக்கக் காட்சி தெரியும் ஒரு சிறு திரை வையுங்கள். வர்ணனை காதில் விழாமல், கூட்டத்தின் சத்தத்தைக் குறைக்கும் காதுக்கருவி கொடுங்கள். கோடிக்கணக்கில் பணம் புரளும் பட்டப் போட்டிக்கு இது ஒரு செலவே இல்லை.

நடுவர்களின் ஊதியம் போட்டியை நடத்தும் புரமோட்டரின் பணத்திலிருந்து வருவதை நிறுத்துங்கள். எல்லாப் போட்டிகளிலும் ஒரு பங்கு வசூலித்துப் பொது நிதி ஒன்றிலிருந்து கொடுங்கள். நேர்மையான நடுவர்களுக்குத்தான் இது முதலில் நன்மை. அவர்கள்மேல் விழும் சந்தேகத்தில் பாதி இதனால் போய்விடும்.

தோற்ற வீரரோ பயிற்சியாளரோ எழுத்தில் கேள்வி கேட்டால், பதில் தர வேண்டிய ஓர் அதிகாரியையும் அதற்கான கெடுவையும் விதிப்புத்தகத்தில் எழுதுங்கள். முடிவை மாற்றும் உரிமையை நான் கேட்கவில்லை. "மூன்றாவது சுற்றில் நீ கொடுத்த உடல் அடிகள் பெரும்பாலும் முழங்கையில்தான் பட்டன, அதனால் சுற்று அவனுக்கு" என்று ஒரு வரி வந்தால் போதும். அதை வைத்துக்கொண்டு மறுநாள் காலை குத்துப் பையில் வேலையை ஆரம்பித்துவிடுவோம்.

பட்டப் போட்டிகளில் மட்டும் செய்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். கேமராவே இல்லாத நான்கு சுற்று, ஆறு சுற்றுப் போட்டிகளிலிருந்து ஆரம்பியுங்கள். அங்கே தோற்கிறவனுக்காக விசாரணை கேட்க ஒருவரும் வர மாட்டார், பதிவை மறுபடி பார்க்க ஐந்து நடுவர்களும் கூட மாட்டார்கள். அவனிடம் இருக்கப்போவது அந்த அட்டை ஒன்றுதான்.

இப்படிக்கு,
மூலையில் நிற்கும் ஒரு பயிற்சியாளன்